பழைய சென்னை மாகாணத்து விமானப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரங்குப் பெட்டியிலும் பரணிலும் கிடக்கும் பழைய ஆல்பங்களில் ஆங்காங்கே ஒரு விமானப் படம் இருக்கும். அது எந்த விமானம், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்கவும், படம் மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளவும் தேவையான விவரங்கள் இங்கே. 1910 முதல் இரண்டாம் உலகப் போர் முடியும் வரை உள்ள காலத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தாத்தாவின் ஆல்பத்தில் விமானத்தின் முன் நாலு பேர் நிற்கும் படம் கிடைத்தது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

விமானத்தின் மேல் எழுதியிருக்கும் எழுத்துகளை. அடுத்து இறக்கை, சக்கரம், வால் இவற்றின் அமைப்பு. அதற்கடுத்து படத்தாளின் அளவு, ஓரம், பின்பக்கம். "இது தாத்தா 1925-ல் பறந்தபோது எடுத்தது" என்று வீட்டில் சொல்லிவரும் கதையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கதை பொய் என்பதல்ல. ஆண்டு மட்டும் பத்து வருஷம் முன்பின் நகர்ந்திருக்கும். பறக்கும் சங்கத்து (ஃபிளையிங் கிளப்) விமானத்தின் அருகில் நின்றவர் நாளடைவில் அதில் பறந்தவராகியிருப்பார்.

எதையும் தொடுவதற்கு முன் ஆல்பத்தின் பக்கத்தை அப்படியே முழுதாக ஒரு படம் எடுத்துவிடுங்கள். பக்கத்துப் படங்களில் இருக்கும் கார், உடை, ஊர் ஆகியவையும் சாட்சிதான். படத்தை உரித்து எடுத்த பின் அந்த வரிசை திரும்பக் கிடைக்காது.

விமானத்தின் எழுத்துகளை வைத்து எப்படிக் காலம் சொல்வது?

1919-க்குப் பிறகு பதிவான பொதுப் பயன்பாட்டு விமானங்கள் எல்லாவற்றிலும் நாட்டைக் குறிக்கும் எழுத்தும் பதிவெழுத்தும் பெரிதாக இருக்கும்: உடலின் பக்கவாட்டில் ஒன்று, மேல் இறக்கையின் மேற்புறம், கீழ் இறக்கையின் அடிப்புறம்.

ஜி-ஐ என்று தொடங்கினால் இந்தியாவில் 1929-க்கு முன் பதிவானது. வி.டி. என்று தொடங்கினால் 1929 அல்லது அதற்குப் பின். ஜி-இ என்றால் பிரிட்டனில் 1928-க்கு முன் பதிவானது; ஜி-ஏ என்றால் 1928 முதல். பிரிட்டிஷ் எழுத்து இருப்பதாலேயே படம் இங்கிலாந்தில் எடுத்தது என்று முடிவு கட்ட வேண்டாம். அங்கிருந்து பறந்து வந்தவர்களும், ஊர் ஊராகக் காசுக்குச் சவாரி காட்டியவர்களும் அதே எழுத்துகளோடுதான் இங்கே இறங்கினார்கள். இலங்கையில் பதிவானது வி.பி.-சி, சிங்கப்பூர் உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்கள் வி.ஆர்.-எஸ், மலாய்க் கூட்டுநாடுகள் வி.ஆர்.-ஆர்.

வி.டி. என்பது "வைசிராயின் ஆட்சிப்பகுதி" என்பதன் சுருக்கம் என்று அடிக்கடி பகிரப்படுகிறது. அது பின்னால் கட்டிய கதை. 1927 வாஷிங்டன் வானொலி மாநாட்டில் நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்த அழைப்புக்குறிகளிலிருந்து வந்தது அது.

எழுத்துகள் முழுதும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. விமான வரலாற்று ஆர்வலர்களின் ஏர்-பிரிட்டன் அமைப்பினர் தொகுத்த பழைய இந்தியப் பதிவேட்டில் அந்த எழுத்துக்குரிய விமான வகை, பதிவான நாள், உரிமையாளர், கடைசியில் என்ன ஆயிற்று என்பவற்றைத் தேடலாம். பதிவான நாளுக்கு முன்பும், விபத்தில் போன நாளுக்குப் பின்பும் படம் எடுத்திருக்க முடியாது. கால எல்லை அங்கேயே சுருங்கிவிடும். எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பது போல் தெரிந்தால் நெகட்டிவைப் புரட்டி அச்சிட்டிருக்கிறார்கள். அப்போது படத்தில் உள்ள இடம் வலமும் மாறியிருக்கும். மலை எந்தப் பக்கம் என்று பார்த்து இடம் கண்டுபிடிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

எழுத்தே தெரியவில்லை. வடிவத்தை வைத்து வகை சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். நம் பகுதி ஆல்பங்களில் திரும்பத் திரும்ப வருபவை சில வகைகளே.

விமானத்துக்கு முன்னால் தனியாக ஒரு சிறு இறக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது, ஓட்டுபவர் திறந்த வெளியில் உட்கார்ந்திருக்கிறார், எஞ்சின் அவர் முதுகுக்குப் பின்னால் என்றால் அது ஃபார்மான் அல்லது அதையொட்டிச் செய்த பிரிஸ்டல் பாக்ஸ்கைட், சோமர் போன்றது. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகள். ஒற்றை இறக்கை, உடலின் பின்பாதி துணி போர்த்தாமல் மரச்சட்டமாகவே தெரிகிறது என்றால் பிளேரியோ. இதன் இறக்கையில் தனிச் சிறகுத்தட்டு கிடையாது. கம்பியால் இறக்கையையே முறுக்கித் திருப்புவார்கள். அதனால் மேலே ஒரு கூம்புக் கம்பமும் அதிலிருந்து இறங்கும் கம்பிகளும் தெரியும்.

1930-களின் படம் என்றால் பத்துக்கு ஏழு எட்டு டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் மாத் குடும்பமாக இருக்கும். இவற்றைப் பிரித்தறியப் பழகினால் போதும். ஈரிறக்கை, இரண்டு திறந்த இருக்கைகள், இறக்கைகள் நேராக இருந்தால் டி.எச். 60 மாத், பறக்கும் சங்கங்களின் பயிற்சி விமானம் இதுதான். அதே தோற்றத்தில் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் டைகர் மாத். அது முதலில் பறந்தது 1931-ல். முன்னால் மூடிய அறையில் பயணிகள், அவர்களுக்குப் பின்னால் உயரத்தில் திறந்த குழியில் விமானி என்றால் ஃபாக்ஸ் மாத். ஒற்றை இறக்கை தலைக்கு மேல், மூடிய அறை என்றால் பஸ் மாத் (Puss Moth) அல்லது லெப்பர்ட் மாத்.

இந்தக் கடைசி இரண்டில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். சக்கரத்திலிருந்து மேலே போகும் அதிர்வுதாங்கித் தண்டைப் பாருங்கள். அது முன்கண்ணாடியின் மேல்விளிம்பு வரை போய் முட்டினால் பஸ் மாத். கீழ்விளிம்போடு நின்றால் லெப்பர்ட் மாத். லெப்பர்ட் மாத் 1933-ல்தான் வந்தது. ஆகவே அது உள்ள படம் எதுவும் அதற்கு முந்தியதல்ல.

டைகர் மாத் தவிர மற்ற மாத்களின் இறக்கைகள் உடலை ஒட்டிப் பின்னோக்கி மடங்கும், கொட்டகையில் இடம் மிச்சம் பிடிக்க. மடக்கிய நிலையில் எடுத்த படத்தை விபத்துப் படம் என்று எழுதிவைப்பது வழக்கமான பிழை.

1910-ல் சென்னையில் பறந்த முதல் விமானத்தின் படம் என்று ஒன்று வந்தது. நம்பலாமா?

நிகழ்ச்சி உண்மை. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய கோர்சிகாக்காரர் ஜாக்கோமோ டி ஆஞ்செலிஸ், தானே வடிவமைத்த விமானத்தை வண்டி கட்டும் சிம்சன் நிறுவனத்தில் செய்வித்து 1910-ல் பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். பிறகு தீவுத்திடலில் கட்டணம் வைத்து மக்களுக்குக் காட்டினார்.

படத்துக்கு மூன்று சோதனை. அவருடையது ஈரிறக்கை விமானம். ஒற்றை இறக்கை தெரிந்தால் அது அவருடையதல்ல. பல்லாவரமானால் பின்னணியில் சிறு குன்றுகள் வரும். தீவுத்திடலோ கூவத்தை ஒட்டிய சமதளம். மூன்றாவது, ஐரோப்பாவில் அச்சான அஞ்சலட்டைகள் அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கில் விற்றன. பிளேரியோ 1909 ஜூலை 25-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த பிறகு விமான அஞ்சலட்டை விற்காத கடைத்தெரு இல்லை. படத்தின் பின்புறம் பிரெஞ்சில் அச்சிட்டிருந்தால் அது ஐரோப்பிய அஞ்சலட்டைதான், சந்தேகமே வேண்டாம்.

அலகாபாத் படங்களும் இதோடு கலந்துபோகின்றன. 1911 பிப்ரவரி 18-ல் ஆன்ரி பெக்கே ஹம்பர் ஈரிறக்கை விமானத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களை அலகாபாத்திலிருந்து யமுனைக்கு அப்பால் நைனிக்குக் கொண்டுபோனார். அது அரசு அனுமதியுடன் நடந்த முதல் விமானத் தபால் என்பதால் அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. வெட்டி எடுத்து ஆல்பத்தில் ஒட்டியவர்கள் சென்னையிலும் உண்டு.

டாட்டா விமானத் தபால் சென்னைக்கு வந்த நாளின் படம் என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டிவந்தவர் நெவில் வின்சென்ட். விமானம் பஸ் மாத். ஆகவே சென்னையில் எடுத்த படத்தில் விமானி இருக்கைக்கு அருகே நிற்பவர் ஜே.ஆர்.டி. என்று குறிப்பு இருந்தால் அந்தக் குறிப்பு தவறு. படத்தில் லெப்பர்ட் மாத் இருந்து, அருகில் நரைத்த தலையோடு ஜே.ஆர்.டி. நின்றால் அது பின்னாளில் 1982 பொன்விழா போன்ற ஆண்டுவிழாவுக்காக அவர் மீண்டும் பறந்தபோது எடுத்தது. கருப்பு வெள்ளையில் அச்சிட்டுவிட்டால் பலருக்கு அது 1932 ஆகிவிடுகிறது.

இன்னொன்று. பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸின் நாலு எஞ்சின் விமானங்களும், டச்சு கே.எல்.எம். நிறுவனத்தின் ஃபோக்கர்களும் கராச்சி, ஜோத்பூர், அலகாபாத், கல்கத்தா போன்ற வடக்கு ஊர்கள் வழியாகக் கிழக்கே போயின; சென்னை அந்தப் பாதையில் இல்லை. அவற்றின் படம் உங்கள் வீட்டில் இருந்தால் குடும்பத்தில் யார் வடக்கே வேலை பார்த்தார்கள் என்று விசாரியுங்கள்.

ஏரியில் இறங்கிய விமானம் ஒன்றின் படம் இருக்கிறது. சென்னைப் பக்கம் ஏரியில் விமானம் இறங்கியதா?

இறங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது செங்குன்றம் ஏரி பிரிட்டிஷ் விமானப்படையின் பறக்கும் படகுத் தளம். 240-ஆம் படைப்பிரிவின் கேட்டலினாக்கள் அங்கிருந்து வங்கக் கடலின் மேல் ரோந்து போயின. உடலுக்கு மேலே ஒற்றைத் தூணில் தூக்கி வைத்தது போன்ற இறக்கை, அதில் இரண்டு எஞ்சின், பின்பக்கம் இருபுறமும் கண்ணாடிக் கொப்புளம் ஆகியவை கேட்டலினாவின் அடையாளம். படைச் சின்னத்தின் நடுவில் சிவப்பு இல்லாமல் இரண்டு நீலங்கள் மட்டும் இருந்தால் போரின் பிற்பகுதி. ஜப்பானியச் சின்னத்தோடு குழம்பக் கூடாது என்று இந்தப் பக்கத்து விமானங்களில் சிவப்பை எடுத்துவிட்டார்கள்.

கருப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை எப்படிச் சொல்வது?

எச்சரிக்கையாக. பழைய ஆர்த்தோக்ரோமாட்டிக் படச்சுருளுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கிட்டத்தட்டக் கருப்பாகவும், மஞ்சள் அடர்த்தியாகவும், நீலம் வெளிறியும் விழும். வட்டச் சின்னத்தின் நடுப்புள்ளி கருப்பாகவும் வெளிவளையம் சாம்பலாகவும் இருக்கிறதே, இது வேறு நாட்டு விமானமோ என்று கேட்பவர்கள் அதிகம். இல்லை, சுருளின் குணம் அது. வானம் மேகமே இல்லாமல் வெள்ளைத்தாள் போல் இருப்பதற்கும் இதே காரணம்.

அந்த வெள்ளை வானம் இன்னொரு வேலைக்கும் வசதியாக இருந்தது. தரையில் நின்ற விமானத்தை வெட்டி வானத்தில் ஒட்டி மறுபடியும் படமெடுத்து, "பறக்கும்போது" என்று விற்றார்கள். விசிறி சுழலாமல் தெளிவாக நிற்கிறதா, விமானத்தின் மேல் விழும் வெளிச்சமும் கீழே மனிதர்களின் நிழலும் ஒரே திசையா, விளிம்பில் தூரிகைக் கோடு இருக்கிறதா என்று பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள்.

அசல் படமா, பின்னால் எடுத்த நகலா, பத்திரிகை வெட்டா?

அதே உருப்பெருக்கியை வைத்துப் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அச்சு இயந்திரத்தில் அடித்தது. புள்ளியில்லாமல் தொடர்ச்சியான சாயல் என்றால் ஒளிப்படத்தாள். பிறகு இருட்டறையில் 365 நானோமீட்டர் புறஊதா விளக்கை அடியுங்கள். தாள் பளீரென்று நீலவெண்மையாக ஒளிர்ந்தால் அது 1950-களிலோ அதற்குப் பிறகோ வந்த தாள். படம் பழையதாக இருக்கலாம், பிரதி பழையதல்ல. ஒளிராவிட்டால் பழையது என்று உறுதியாகாது. பழையதாக இருக்க வாய்ப்புண்டு, அவ்வளவுதான்.

கரும்பகுதிகளின் ஓரத்தில் சாய்த்துப் பார்த்தால் நீலப் பாதரசம் பூசியது போன்ற மினுமினுப்பு தெரிகிறதா? வெள்ளி மேலேறி வந்திருக்கிறது. ஜெலட்டின் வெள்ளிப் படம் (ஜெலட்டின் பூச்சில் வெள்ளித் துகளால் உருவான கருப்பு வெள்ளைப் படம்) என்பதற்கு நல்ல அடையாளம். துடைக்கக் கூடாது.

அளவும் பேசும். அன்று பெரும்பாலும் நெகட்டிவ் அளவிலேயே அச்சிட்டார்கள். 2¼ × 3¼ அங்குலம் என்றால் 120 சுருள். அது 1901 முதலே இருந்ததால் காலம் சொல்ல உதவாது. 1⅝ × 2½ அங்குலம் என்றால் 127 சுருள், 1912-க்குப் பின். நெகட்டிவ் கையில் இருந்தால் சட்டங்களுக்கு இடையே உள்ள வெற்றுப் பட்டையைப் பாருங்கள். 1914-ல் வந்த கோடக் ஆட்டோகிராஃபிக் காமிராவில் அந்த இடத்தில் எழுத்தாணியால் தேதி, ஊர் எழுத வழி இருந்தது. அப்படி ஒரு கையெழுத்து கிடைத்தால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம்.

நெகட்டிவ்களில் ஒருவித வாடை வருகிறது. ஆபத்தா?

புளிக்காடி வாடை என்றால் அசிடேட் சுருள் சிதைகிறது. எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் வாடை பக்கத்துச் சுருள்களையும் கெடுக்கும். தனியே பிரித்து, சுருங்கி வளைவதற்குள் ஸ்கேன் செய்யுங்கள்.

நைட்ரேட் சுருள் வேறு விஷயம். 1950-ஐ ஒட்டிய காலம் வரை சுருள்களில் அது புழங்கியது. ஓரத்தில் "சேஃப்டி" என்ற சொல் இல்லாமல், மஞ்சளித்து, பிசுபிசுத்து, காரமான வாடை வந்தால் நைட்ரேட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எரியும்போது தன் ஆக்சிஜனைத் தானே தரும். தண்ணீர் ஊற்றியோ மணல் போட்டோ அடக்குவது கடினம். மொட்டைமாடிக்குக் கீழுள்ள பரணில், மூடிய தகரப் பெட்டியில் வைப்பது மிக மோசமான யோசனை. காகித உறையில், காற்றோட்டமான குளிர்ந்த இடத்தில், மற்றவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். ஒரு துண்டு வெட்டிக் கொளுத்திப் பார்க்கும் சோதனையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

கண்ணாடித் தகடு கிடைத்தால் மங்கலான பக்கம்தான் படப்பூச்சு. அதைத் தொடாமல் ஓரத்தைப் பிடிக்க வேண்டும். பருத்திக் கையுறை வழுக்கும், நைட்ரில் கையுறை போடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடியில் இருப்பது எடை தாங்காமல் விரியும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில், நீளவாக்கு விளிம்பு கீழே வருமாறு நிறுத்தி வையுங்கள்.

ஸ்கேன் எந்த அளவில் எடுப்பது?

4 × 6 அங்குலப் படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி. அதைவிடச் சிறியதற்கு 1200. நெகட்டிவுக்கு 2400. கருப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்திலேயே எடுங்கள். பழுப்பும் மினுமினுப்பும் பின்னால் உதவும். டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். 4 × 6 படம் 600-ல் சுமார் 26 மெகாபைட் வரும். பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். அங்கேதான் வீலி அண்ட் கிளைன், ஜி.கே. வேல் போன்ற சென்னை ஸ்டூடியோக்களின் முத்திரை, பென்சில் குறிப்பு எல்லாம் இருக்கும்.

ஸ்கேனரில் உள்ள அகச்சிவப்புத் தூசிநீக்கியை அணைத்துவிடுங்கள். வெள்ளிப் படத்தில் அகச்சிவப்புக் கதிர் ஊடுருவாது. அது வெள்ளியையே தூசி என்று எண்ணி விளிம்புகளைத் தின்றுவிடும். கூர்மையாக்குதல், தானியங்கி மாறுபாடு எதுவும் மூலக் கோப்பில் வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுத்துத் தெளிவாக்கலாமா?

சுவரில் மாட்ட வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள். அடையாளம் காண்பதற்கு அதைப் பயன்படுத்தவே கூடாது. மங்கலான பதிவெழுத்தை அது படிப்பதில்லை. எழுத்து போன்ற ஒன்றை வரைகிறது. இறக்கைக்கு நடுவே உள்ள கம்பிகளை அழிக்கும், தண்டுகளைத் தேவையில்லாத இடத்தில் சேர்க்கும். பஸ் மாத்தும் லெப்பர்ட் மாத்தும் ஒரு தண்டில் வேறுபடும்போது இது எவ்வளவு கேடு என்று பாருங்கள். மங்கலான எழுத்தைப் படிக்க ஒரே வழி: படத்தாளின் மேல் சாய்வாக வெளிச்சம் விழவைத்து மறுபடியும் எடுப்பது, அல்லது நெகட்டிவைத் தேடுவது.

சட்டக் கண்ணாடியில் படம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எப்படி எடுப்பது?

எடுக்காதீர்கள். ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு பிடித்திருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியிலும் தாள் கையிலும் வரும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து அப்படியே வைத்துவிடுங்கள். கருப்புத்தாள் ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டியது என்றால் மெழுகில்லாத பல்லிடுக்கு நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவே விட்டு மெல்ல அறுத்து வரலாம். பாதியில் சிக்கினால் நிறுத்திவிட்டு, ஆல்பத்தின் தாளையே படத்தைச் சுற்றி வெட்டிவிடுவது மேல்.

வெள்ளத்தில் நனைந்தவை என்றால் ஒட்டிய நிலையில் காயவிடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் மூழ்கவைத்து, தானாக நழுவும்போது பிரித்து, முகம் மேலே பார்க்க நிழலில் உலர்த்துங்கள். இரண்டு நாளுக்குள் முடிக்க வேண்டும். அதற்கு மேல் பூஞ்சை பிடிக்கும், பூச்சு கரையும். அதற்குள் முடியாதென்றால் உறைபெட்டியில் வைத்துத் தள்ளிப்போடலாம்; கண்ணாடித் தகடுகளை மட்டும் அப்படி வைக்கக் கூடாது. 1903-ல் கிட்டி ஹாக்கில் ரைட் சகோதரர்களின் முதல் பறப்பை எடுத்த தகடே 1913 டேட்டன் வெள்ளத்தில் நனைந்து ஒரு மூலை போனதுதான்.

கடலோர ஊரில் எப்படிச் சேமிப்பது?

ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காடு இருந்தால் நல்லது. கடலோரத்தில் சும்மா விட்டால் அது 70-க்கு மேல் நிற்கும். மூடி இறுகும் 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, அதில் சுமார் 100 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரமானி போதும். ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் ரகத்தை வாங்குங்கள். நீல ரகத்தில் கோபால்ட் இருக்கிறது. நிறம் மாறியதும் 110–120 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் திரும்பப் பயன்படும். நெகட்டிவ்களை, முக்கியமாக வாடை வருபவற்றை, இந்த மூடிய டப்பாவில் போடக் கூடாது.

படங்களுக்கு அமிலமற்ற காகித உறை. பி.வி.சி. உறை வேண்டாம், ஈரக் காலத்தில் படத்தோடு ஒட்டும். அந்துருண்டையைப் பெட்டிக்குள் போடாதீர்கள். மைதாப் பசை, சோற்றுப் பசை உள்ள ஆல்பம் வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. அதைத் தனியே வையுங்கள். குறிப்பு எழுத மென்பென்சில், பின்பக்க ஓரத்தில், அழுத்தாமல்.

கொழும்பு, சிங்கப்பூர் படங்களும் எங்கள் ஆல்பத்தில் உள்ளன.

வணிகத்துக்கும் வேலைக்கும் போய்வந்த குடும்பங்களில் இது சகஜம். ஒப்பிட்டுப் பார்க்கச் சில தேதிகள்: சிங்கப்பூரில் முதல் பறப்பு 1911 மார்ச் 16, ஃபேரர் பார்க் பந்தயத் திடலில், ஜோசப் கிறிஸ்டியென்ஸ், பாக்ஸ்கைட் விமானம். கொழும்புப் பந்தயத் திடலில் மார்க் பூர்ப் பறந்தது 1912 டிசம்பர். கொழும்பை அடுத்த இரத்மலானை விமான நிலையத்தில் முதல் விமானம் இறங்கியது 1935 நவம்பர் 27. அதை ஓட்டிப்போனவர் சென்னைப் பறக்கும் சங்கத்தின் தலைமைப் பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ, விமானம் பஸ் மாத். சிங்கப்பூரின் காலாங் விமான நிலையம் திறந்தது 1937 ஜூன் 12. இரத்மலானை என்று எழுதிய படத்தில் தேதி 1933 என்றிருந்தால் இரண்டில் ஒன்று பிழை.

படம் என்னிடம் இருக்கிறது. வெளியிடும் உரிமையும் எனக்குத்தானே?

தாள் உங்களுடையது, பதிப்புரிமை பொதுவாக எடுத்தவருடையது. 2012 திருத்தம் வரை இந்தியாவில் ஒளிப்படத்துக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். இப்போது எடுத்தவரின் ஆயுளோடு 60 ஆண்டுகள். அதற்குள் காலாவதியானது உயிர்பெறாது என்பதால் 1951 வரை இங்கே அச்சில் வெளியானவற்றில் சிக்கல் இல்லை. வெளியாகாத குடும்பப் படங்களுக்கு, எடுத்தவர் யார் என்று தெரிந்தால் அவர் வாரிசிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்துக்குக் கொடுப்பதானால் படத்தோடு அந்தக் கடிதம், ஆல்பப் பக்கத்தின் முழுப்படம், நீங்கள் கண்டுபிடித்த விவரம் ஒவ்வொன்றுக்கும் எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்ற குறிப்பு மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.